1940 மித்ரோபா கோப்பை: ஆடப்படாமல் போன இறுதிப் போட்டிக்கு உண்மையான காரணம் என்ன?

கேள்வி: கோல்கம்பம்

மத்திய ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்துக் கழகங்கள் 1927 முதல் ஆண்டுதோறும் மோதிவந்த மித்ரோபா கோப்பையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகச் சில காலமாகப் படித்து வருகிறேன். சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆட்டங்களின் விவரங்களைப் படிக்கப் படிக்க, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பியக் கண்டத்தின் மிகச் சிறந்த கழகக் கால்பந்து இங்கேதான் ஆடப்பட்டது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டிருக்கிறது.

எனக்குள்ள ஐயம் 1940 ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றியது. வெற்றியாளர் பட்டியலில் 1939 க்கு நேரே புடாபெஸ்டின் ஊய்பெஷ்ட் கழகத்தின் பெயர் இருக்கிறது. 1940 க்கு நேரே எதுவும் இல்லை. புடாபெஸ்டின் பெரென்ட்ஸ்வாரோஷும் ருமேனியாவின் ராபிட் புகாரெஸ்டும் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டன என்றும், அந்த ஆட்டம் நடக்கவே இல்லை என்றும் அடிக்குறிப்பு சொல்கிறது. காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'போர்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது.

அந்தச் சொல் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது 1939 செப்டம்பர் 1 அன்று. அதற்குப் பின்னரும் 1940 இல் போட்டி தொடங்கி, அரையிறுதி வரை முடிந்திருக்கிறது. அந்தக் கோடையில் ஹங்கேரியும் ருமேனியாவும் உலகப் போரில் இறங்கியிருக்கவில்லை. அப்படியானால் எந்தப் போர் இந்த ஆட்டத்தைத் தடுத்தது? மேலும், இறுதிக்கு வந்த இரண்டு கழகங்களையும் கூட்டு வெற்றியாளர்களாகக் கருதுவது முறையாகுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: நெடுங்கரை

நண்பரே, 1940 ஐ மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. இந்தப் போட்டி ஒரே நாளில் நின்றுபோகவில்லை. 1938 மார்ச்சிலிருந்தே ஒவ்வொரு நாடாக அதிலிருந்து அகற்றப்பட்டது. 1940 இல் எஞ்சியிருந்தது அதன் கடைசித் துண்டு மட்டுமே.

போட்டியின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்திரியா 1924 இலும், செக்கோஸ்லோவாக்கியா 1925 இலும், ஹங்கேரி 1926 இலும் தொழில்முறைக் கால்பந்தை ஏற்றுக்கொண்டன. ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டிய நிலை வந்தபின், உள்ளூர் லீக்கின் நுழைவுச்சீட்டு வசூல் மட்டும் கழகங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆஸ்திரியச் சங்கத்தின் செயலாளர் ஹூகோ மைசல் முன்வைத்த தீர்வுதான் மித்ரோபா கோப்பை. 1927 ஜூலையில் வெனிஸ் நகரில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள், ஆகஸ்டிலேயே முதல் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. வியன்னா, புடாபெஸ்ட், பிராக் ஆகிய நகரங்கள் ஒன்றுக்கொன்று ரயிலில் சில மணி நேரத் தொலைவில் இருந்ததால், சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணியின் மைதானத்தில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள் ஆடுவது எளிதாயிற்று. முதல் ஆண்டு யூகோஸ்லாவியக் கழகங்களும் சேர்ந்து எட்டு அணிகள் ஆடின. 1929 இல் அவற்றின் இடத்துக்கு இத்தாலி வந்தது. 1934 இல் நாட்டுக்கு நான்கு கழகங்கள் வீதம் பதினாறு அணிகளாகப் போட்டி வளர்ந்தது.

இதில் வியன்னாவின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கு காட்டும். 1927 முதல் 1937 வரை ஆடப்பட்ட பத்து இறுதிப் போட்டிகளில் ஏழில் வியன்னாக் கழகம் ஒன்றாவது இருந்தது, 1931 இல் இறுதிக்கு வந்த இரண்டுமே வியன்னாக் கழகங்கள். 1933 இறுதியில் மிலானில் 2–1 என்று தோற்றுத் திரும்பிய ஆஸ்திரியா வியன்னா கழகம், தன் ஊரில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 3–1 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. மூன்று கோல்களையும் அடித்தவர் மத்தியாஸ் சிண்டெலார். எதிரணியான அம்புரோசியானாவில் ஆடியவர் ஜுசெப்பே மியாட்சா. அன்றைய ஐரோப்பாவின் தலைசிறந்த முன்கள வீரர்கள் இருவர் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நின்ற அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

1938 மார்ச் 12 அன்று ஜெர்மன் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஆஸ்திரியக் கால்பந்துச் சங்கம் ஜெர்மன் அமைப்போடு இணைக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டம் ஒழிக்கப்பட்டது. ஜெர்மனியோ மித்ரோபா கோப்பையில் சேராத நாடு. கழகங்கள் ஊரின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அவற்றைப் போட்டிக்கு அனுப்பும் உரிமை நாட்டின் சங்கத்திடம்தான் இருந்தது. ஆகவே நாடு மறைந்ததும் கழகங்களுக்கான வாசலும் அடைபட்டது. ராபிட் வியன்னா அதன்பின் ஜெர்மன் சாம்பியன் பட்டத்துக்கு ஆடியது. 1941 ஜூன் 22 அன்று பெர்லினில் ஷால்கே அணிக்கு எதிராக மூன்று கோல் பின்தங்கியிருந்து 4–3 என வென்று அந்தப் பட்டத்தையும் பெற்றது. ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டுக்குள் பாய்ந்ததும் அதே நாளில்தான்.

1938 போட்டி ஆஸ்திரியா இல்லாமலே நடந்தது. ருமேனிய, யூகோஸ்லாவியக் கழகங்களைச் சேர்த்துப் பதினாறு என்ற எண்ணிக்கையை நிரப்பினார்கள். இறுதிப் போட்டியில் ஸ்லாவியா பிராக், பெரென்ட்ஸ்வாரோஷுடன் பிராகில் 2–2 எனச் சமநிலை கண்டு, செப்டம்பர் 11 அன்று புடாபெஸ்டில் 2–0 என வென்றது. அந்த ஆண்டு பத்துக் கோல்கள் அடித்து முதலிடம் பெற்ற ஸ்லாவியாவின் யோசெப் பிட்சன் வியன்னாவில் பிறந்து வளர்ந்தவர். அந்த வெற்றிக்கு மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 30 அன்று மியூனிக் ஒப்பந்தம் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளைப் பறித்தது. 1939 மார்ச் 15 அன்று பிராகும் ஜெர்மனியின் கைக்குப் போயிற்று. அந்தக் கோடையில் ஸ்லாவியாவும் ஸ்பார்ட்டாவும் ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்திலிருந்து வந்து ஆடின. மொத்தமே எட்டு அணிகள். 1940 இல் அவையும் இல்லை, ஜூன் 10 அன்று போரில் குதித்த இத்தாலியின் கழகங்களும் இல்லை. ஹங்கேரி, ருமேனியா, யூகோஸ்லாவியா என்ற மூன்று நாடுகள் மட்டுமே மிஞ்சின.

மறுமொழி 2: பந்தடி

நெடுங்கரை அவர்கள் தந்த வரிசை சரியானது. ஆனால் போட்டி அதுவரை நலமாக இருந்தது போலவும், வெளியிலிருந்து வந்த கை மட்டுமே அதை முறித்தது போலவும் ஒரு தோற்றம் எழுவதை நான் ஏற்க மாட்டேன். நாடுகளுக்கு இடையிலான பகை தொடக்கத்திலிருந்தே மைதானத்துக்குள் இருந்தது.

1932 அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிராகில் ஸ்லாவியா 4–0 என யுவென்டஸை வென்றது. தூரினில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் யுவென்டஸ் 2–0 என முன்னணியில் இருந்தபோது, கூட்டத்திலிருந்து பறந்துவந்த கல் ஸ்லாவியாவின் கோல்கீப்பர் பிரான்டிசெக் பிளானிச்காவைத் தாக்கியது. ஸ்லாவியா வீரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். இரண்டு கழகங்களும் நீக்கப்பட்டன. மற்றோர் அரையிறுதியில் வென்றிருந்த போலோன்யாவுக்கு இறுதிப் போட்டி ஆடாமலே கோப்பை கிடைத்தது.

1937 இல் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. வியன்னாவில் அட்மிராவும் ஜெனோவாவும் மோதிய கால் இறுதி, கைகலப்போடு 2–2 என முடிந்தது. பதில் ஆட்டம் இத்தாலியில் நடக்க வேண்டும். அந்த ஆட்டத்தை முசோலினியின் அரசே தடை செய்துவிட்டது. இரண்டு அணிகளும் வெளியேற்றப்பட்டன, லாட்சியோ அரையிறுதி ஆடாமலே இறுதிக்குச் சென்றது. நடுவரோ போட்டிக் குழுவோ தீர்க்க வேண்டிய ஒன்றை உள்துறை அதிகாரம் தீர்க்கத் தொடங்கிய ஆண்டு அது. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்குவதற்கு முன்பே, இந்தப் போட்டியின் கடிவாளம் சங்கங்களின் கையிலிருந்து அரசுகளின் கைக்கு மாறியிருந்தது என்பதே என் துணிபு. போர் வந்திருக்காவிட்டாலும் இது நெடுநாள் நீடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 3: வரைபட வாசகி

கேள்வியின் மையமான 1940 இறுதிக்கு வருகிறேன். அதைத் தடுத்தது உலகப் போர் என்பதைவிட, அந்தப் போரின் நிழலில் ஹங்கேரிக்கும் ருமேனியாவுக்கும் இடையே முற்றிய எல்லைத் தகராறு என்று சொல்வதே பொருத்தம்.

அந்த ஆண்டு பெரென்ட்ஸ்வாரோஷ் அரையிறுதியில் பெல்கிரேடின் பி.எஸ்.கே. கழகத்தை வென்றது. ராபிட் புகாரெஸ்டின் பாதை விசித்திரமானது. ஜாக்ரெபின் கிராஜான்ஸ்கியோடு அது ஆடிய இரண்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. மூன்றாவதாக ஓர் ஆட்டம் வைத்தார்கள், அதுவும் சமநிலைதான். கடைசியில் குலுக்கல் முறையில் ராபிட் இறுதிக்குச் சென்றது. ருமேனியக் கழகம் ஒன்று இந்தக் கோப்பையின் இறுதிக்கு வந்தது அதுவே முதல் முறை.

இறுதிப் போட்டி நடக்க வேண்டிய அந்தக் கோடையில் ருமேனியாவின் நிலையைப் பாருங்கள். ஜூன் 26 அன்று சோவியத் அரசு இறுதி எச்சரிக்கை விடுத்தது. இரண்டே நாளில் பெசரேபியாவையும் வடக்குப் புக்கோவினாவையும் ருமேனியா விட்டுக்கொடுத்தது. இதைக் கண்ட ஹங்கேரி, முதல் உலகப் போருக்குப் பின் தான் இழந்த திரான்சில்வேனியாவைத் திரும்பக் கேட்டு நெருக்கியது. எல்லையின் இருபுறமும் படைகள் குவிந்தன. அந்த நிலையில் புகாரெஸ்ட் கழகம் ஒன்று புடாபெஸ்டுக்கு ரயிலேறிப் போய் ஆடிவிட்டு வருவதும், பதினைந்து நாளில் புடாபெஸ்ட் கழகம் புகாரெஸ்டுக்கு வருவதும் எப்படி நடந்திருக்கும்? ஆகஸ்ட் 30 அன்று வியன்னாவின் பெல்வெடேர் அரண்மனையில் ஜெர்மனியும் இத்தாலியும் நடுவராக அமர்ந்து வடக்குத் திரான்சில்வேனியாவை ஹங்கேரிக்கு வழங்கின. ஒரு வாரத்தில் ருமேனிய மன்னர் இரண்டாம் கரோல் முடி துறந்தார். அதற்குமேல் இறுதிப் போட்டியைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

ராபிட் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் யூலியு பாரட்கியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் 1910 இல் பிறந்த ஊர் அன்று ஹங்கேரிக்குள் இருந்த நாட்யவாராத். முதல் உலகப் போருக்குப் பின் அது ருமேனியாவின் ஒராத்யா ஆயிற்று. அவர் ஹங்கேரிக்காகவும் ஆடினார், ருமேனியாவுக்காகவும் ஆடினார். 1940 ஆகஸ்ட் தீர்ப்பில் அந்த ஊர் மீண்டும் ஹங்கேரிக்குச் சென்றது. அவ்வூர்க் கழகம் 1943–44 பருவத்தில் ஹங்கேரியின் லீக் பட்டத்தை வென்றது. போர் முடிந்து ஊர் ருமேனியாவிடம் திரும்பியபின் அதே கழகம் 1948–49 இல் ருமேனியாவின் லீக் பட்டத்தை வென்றது. மைதானம் நகரவில்லை, அதைச் சுற்றி எல்லைக்கோடுதான் நகர்ந்தது. இறுதிப் போட்டி ஏன் நடக்கவில்லை என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் காட்டுவது ஒராத்யாவைத்தான்.

பந்தடி அவர்களின் கருத்துக்கு ஒரு மறுப்பு. 1932 இலும் 1937 இலும் அத்தனை கலவரம் நடந்த பின்னரும் மறு ஆண்டு போட்டி கூடியது, இத்தாலியக் கழகங்களும் திரும்பி வந்தன. 1938 இல் ருமேனியாவின் ரிபென்சியா திமிஷோவாரா மிலானையே வெளியேற்றியது. பகையைச் சுமந்தபடியே வளரும் ஆற்றல் அந்தப் போட்டிக்கு இருந்தது. அதனால் தாங்க முடியாமற்போனது, பங்கேற்கும் நாடே இல்லாமற்போவதைத்தான்.

மறுமொழி 4: கோல்கம்பம்

மூவருக்கும் மிக்க நன்றி. எந்தப் போர் என்ற என் கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். கழகங்களும் நாடுகளும் என்ன ஆயின என்பது புரிந்துவிட்டது. இந்தக் கோப்பையை உருவாக்கி, ஆடி, பயிற்சி கொடுத்து வளர்த்த மனிதர்கள் என்ன ஆனார்கள்?

மறுமொழி 5: பழைய பயிற்சியாளர்

இந்தக் கேள்விக்கு எழுதும்போது மனம் கனக்கிறது. மத்திய ஐரோப்பியக் கால்பந்தின் நிர்வாகிகளிலும் பயிற்சியாளர்களிலும் பலர் யூதர்கள். போட்டியைத் தோற்றுவித்த மைசலும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவர் 1937 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு நடந்ததை அவர் காணவில்லை.

1933, 1936 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோப்பையை வென்ற ஆஸ்திரியா வியன்னா கழகத்தின் பெயரையே நாஜிகள் சில மாதங்களுக்கு மாற்றினார்கள். அதன் தலைவர் மருத்துவர் எமானுவேல் ஷ்வார்ட்ஸ் யூதர் என்பதால் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நாட்டை விட்டுத் தப்பிச் சென்று உயிர் பிழைத்த அவர், 1945 இல் திரும்பி வந்து மறுபடியும் தலைவரானார். சிண்டெலாருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1939 ஜனவரி 23 அன்று வியன்னாவில் ஒரு வீட்டில் கார்பன் மோனாக்சைடு நச்சால் அவர் இறந்துகிடந்தார். அப்போது வயது 35. கொலை, தற்கொலை என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எதற்கும் உறுதியான சான்று இல்லாதபோது அந்தக் கதைகளைப் பரப்புவது அந்த மாபெரும் ஆட்டக்காரருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று நினைக்கிறேன்.

1928 இல் பெரென்ட்ஸ்வாரோஷுக்குக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் இஷ்த்வான் தோத். அவர் போர்க்காலத்தில் நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டார். 1945 பிப்ரவரியில், புடாபெஸ்ட் விடுதலையாகச் சில நாட்களே இருந்தபோது, ஹங்கேரியப் பாசிசவாதிகள் அவரைக் கொன்றார்கள்.

1939 இல் ஊய்பெஷ்டைக் கடைசிக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற பேலா குட்மனின் கதையையும் சொல்ல வேண்டும். யூதரான அவர் ஒரு பரணில் ஒளிந்திருந்தார், பின் கட்டாய உழைப்பு முகாமில் அகப்பட்டார், அங்கிருந்து தப்பினார். அவருடைய தந்தையும் சகோதரியும் நாஜிகளால் கொல்லப்பட்டனர். அதே குட்மன்தான் 1961, 1962 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பென்ஃபிகா அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். மித்ரோபாவுக்கும் ஐரோப்பியக் கோப்பைக்கும் உள்ள தொடர்பை இளைஞர்கள் கேட்டால் நான் போட்டி விதிகளைப் பற்றிப் பேசுவதில்லை, இந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசுவேன்.

மறுமொழி 6: நெடுங்கரை

பழைய பயிற்சியாளர் ஐயா எழுதியதற்குப் பின் நான் சேர்க்க வேண்டியது இரண்டே செய்திகள்.

முதலாவது, கூட்டு வெற்றியாளர் பற்றிய கேள்வி. பெரென்ட்ஸ்வாரோஷ் 1937 முதல் 1940 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிக்கு வந்த அணி. 1937 இல் லாட்சியோவை இரண்டு ஆட்டங்களிலும் வென்று கோப்பை பெற்றது, அடுத்த இரண்டு இறுதிகளிலும் தோற்றது. ராபிட்டுக்கு அது முதல் இறுதி. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆடாத ஆட்டத்துக்கு இருவருக்கும் பட்டம் கொடுத்தால், அந்த ஆட்டம் பறிக்கப்பட்டது என்ற உண்மை மறைந்துபோகும். ஆகவே வெற்றியாளர் இல்லை என்றும், தகுதி பெற்ற இருவர் இவர்கள் என்றும், ஆட்டம் நின்றதற்குக் காரணம் திரான்சில்வேனியத் தகராறு என்றும் மூன்றையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. 'போர்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது, பலர் அறியாத ஒன்று. போட்டி 1955 இல் மீண்டும் முறையாகத் தொடங்கியது. ஆனால் அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பையும் பிறந்துவிட்டதால் பழைய மதிப்புத் திரும்பவில்லை. பிற்காலத்தில் இரண்டாம் நிலை லீக்குகளின் வெற்றியாளர்கள் ஆடும் சிறு போட்டியாக அது சுருங்கியது. கடைசியாக நடந்தது 1992 இல், இத்தாலியின் ஃபோஜா நகரில். இறுதியில் புடாபெஸ்டின் பி.வி.எஸ்.சி. அணியைப் பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைக் கொண்டுசென்றது போஸ்னியாவின் போராட்ஸ் பான்யா லூகா. போஸ்னியாவில் ஏப்ரல் மாதமே போர் தொடங்கியிருந்தது. மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 757 ஆம் தீர்மானம் யூகோஸ்லாவியாவை விளையாட்டுப் போட்டிகளிலிருந்தும் விலக்கியது, அதன் தேசிய அணிக்கு யூரோ 92 இல் இருந்த இடம் டென்மார்க்குக்குப் போயிற்று. டென்மார்க் அந்தக் கோப்பையை வென்றதை எல்லோரும் எழுதுகிறார்கள். போராட்ஸைப் பற்றித் தமிழில் நான் இதுவரை எதையும் படித்ததில்லை. நண்பர் கோல்கம்பம் தம் கட்டுரையில் 1940 க்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பத்தியாவது 1992 க்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.